வாக்குமூலமும் இலக்கியமும்: அகதியின் கதையும் அதன் உற்பத்தி உறவுகளும்

1

அகதிகளின் வாழ்வு ஊடகங்களில் இடம்பெறும் முறைபற்றிப் பேசுவோர் 'குரலற்றோருக்குக் குரல் கொடுத்தல்' என்னும் தொடரைப் பெரிதும் கையாளுகின்றனர். நல்லெண்ணத்தின் அடியாகப் பிறந்த தொடர்தான். ஆயினும் ஆராய்ச்சிக்கு அது தடையாகவே அமைகின்றது. எல்லையைக் கடந்த நாள்முதல் அகதிகள் ஓயாது பேசவைக்கப்படுகின்றனர். குடிவரவு அலுவலர் முன்னும், சட்டத்தரணி முன்னும், மேன்முறையீட்டுச் சபையின் முன்னும் அவர்கள் தம் கதையை மீண்டும் மீண்டும் சொல்லியாக வேண்டும். ஓரிடத்தில் சொன்ன திகதி இன்னோரிடத்தில் மாறுபடின், அம்முரண்பாடே கோரிக்கையை நிராகரிப்பதற்கு ஏதுவாகின்றது. எனவே, அகதிக்குக் குரல் உண்டா என்பது எமது வினாவன்று. அக்குரல் எத்தகைய வினாக்களுக்கு விடையாக எழுகின்றது, எழுந்த பின் யாருடைய உடைமையாகின்றது என்பவையே ஆராயப்படவேண்டியவை.

1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் இனம், மதம், தேசியம், குறித்ததொரு சமூகக் குழுவின் உறுப்புரிமை, அரசியற் கருத்து ஆகிய ஐந்து காரணங்களை வகுத்துள்ளது. இவற்றின் பொருட்டு ஒடுக்கப்படலாம் என்னும் தக்க அச்சம் உடையோரே அகதிகள். கடனும் பசியும் நிலமிழப்பும் இப்பட்டியலில் இல்லை. ஆகவே, வாழ்க்கையில் பிரிக்கவொண்ணாது பின்னிக் கிடப்பவற்றைப் பிரித்து, ஏற்கத்தக்க பகுதியை மட்டும் சொல்லுமாறு அகதி பயிற்றப்படுகின்றார். ஊடகச் செவ்வியும் பெரும்பாலும் இவ்விசாரணையின் வினாக்கொத்தையே பின்பற்றுகின்றது. ஏன் வந்தீர், எவ்வாறு வந்தீர், என்ன துன்பம் அனுபவித்தீர் என்பனவே அங்கும் வினாக்கள். வந்து சேர்ந்த நாட்டைப் பற்றி அகதியின் கணிப்பு யாது, தம்மைத் தடுத்து வைத்திருக்கும் அமைப்பு எவ்வாறு இயங்குவதாக அவர் கருதுகின்றார் என்பன அருமையாகவே கேட்கப்படுகின்றன. துன்பத்தை வழங்குவது அகதியின் கடன், அதனை விளக்குவது பிறர் உரிமை என்றதொரு வேலைப்பிரிவினை இங்கு நிலவுகின்றது. எமது நாட்டுத் தேயிலைத் தோட்டத்தை அறிந்தோருக்கு இப்பிரிவினை புதிதன்று. கொழுந்து கொய்யும் கை ஒன்று. கலந்து, பொதிசெய்து, பெயரிட்டு விற்பது வேறொரு கை.

வால்ட்டர் பெஞ்சமின் 1934இல் எழுதிய 'உற்பத்தியாளனாக எழுத்தாளன்' என்னும் கட்டுரை இவ்விடத்தில் பயனுடையது. ஒரு படைப்புத் தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன நிலைப்பாட்டை மேற்கொள்கின்றது என்று கேட்பதோடு அமையாது, அவ்வுறவுகளுக்குள்ளேயே அது எவ்விடத்தில் நிற்கின்றது என்று கேட்கவேண்டும் என்பது அவரது வாதத்தின் சாரம். நாசிசத்திற்குத் தப்பி ஓடிய பெஞ்சமின், 1940இல் பிரான்சிய-ஸ்பானிய எல்லையில் உயிர்துறந்த அகதி என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அவரது வினாவை அகதி எழுத்தின் மீது செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குத் தக்க சான்றாக அமைவது, குர்திய எழுத்தாளரான பெஹ்ரூஸ் பூச்சானி மானுஸ் தீவிலிருந்து எழுதி 2018இல் வெளிவந்த, 'மலைகளன்றி நண்பரில்லை' எனப் பொருள்படும் தலைப்புடைய நூலாகும்.

2

நூல் தோன்றிய சூழலை முதலில் நோக்குவோம். கடல்வழியே வரும் புகலிடக் கோரிக்கையாளர் எவரும் இனி அவுஸ்திரேலியாவிற் குடியமர்த்தப்படமாட்டார் என்று அந்நாட்டரசு 2013 ஜூலை 19ஆம் திகதி அறிவித்தது. ஈரானில் குர்திய மொழி, பண்பாடு பற்றி எழுதியமையால் அச்சுறுத்தலுக்குள்ளான பத்திரிகையாளர் பூச்சானியின் படகு, இவ்வறிவித்தலுக்குச் சில நாள்கள் பிந்தியே கிறிஸ்மஸ் தீவை அடைந்தது. அடுத்த மாதமே அவர் பப்புவா நியூகினியின் மானுஸ் தீவிற்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1975 வரை அவுஸ்திரேலியாவின் ஆட்சிக்குட்பட்டிருந்த நாடு பப்புவா நியூகினி. முன்னைக் குடியேற்ற அரசு, தான் காணவிரும்பாத மனிதரைத் தன் முன்னைக் குடியேற்றத்தில் வைத்துப் பூட்டியது என்பதை மறத்தலாகாது.

இத்தகைய தடுப்புமுகாம்கள் தொலைவினால் மட்டும் மறைக்கப்பட்டவையல்ல. அதே கொள்கையின் கீழ் முகாம் அமைந்த நவுறு தீவிற்குச் செல்லவிரும்பும் ஊடகவியலாளர் செலுத்தவேண்டிய விசாக் கட்டணம் 2014இல் 200 டொலரிலிருந்து 8,000 டொலராக உயர்த்தப்பட்டது. முகாம்களிற் பணியாற்றுவோர் அங்கு கண்டதை வெளியிடின் ஈராண்டுச் சிறைத்தண்டனைக்கு உள்ளாகலாம் என்று 2015ஆம் ஆண்டின் எல்லைப்படைச் சட்டம் விதித்தது. கடும் எதிர்ப்பின் பின் 2016இல் மருத்துவத் துறையினர் இவ்விதியினின்றும் விலக்கப்பட்டனர். அவ்வாண்டு ஓகஸ்டில் நவுறு முகாமின் உள்ளகச் சம்பவ அறிக்கைகள் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டவை பத்திரிகை வாயிலாக வெளிவந்தன. அவற்றின் பயன் மறுக்கவியலாதது. எனினும் அவை அலுவலர் எழுதிய ஏடுகள். அங்கு அகதி படர்க்கையில் மட்டுமே வாழ்கின்றார்.

பணம் கதையின் இடத்தைப் பிடித்த நிகழ்ச்சியும் உண்டு. மானுஸில் தடுத்துவைக்கப்பட்டோர் 1,905 பேர் சார்பில் அவுஸ்திரேலிய அரசுக்கும் ஒப்பந்த நிறுவனங்களுக்கும் எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கு, 2017 ஜூனில் விசாரணை தொடங்கும் தறுவாயில், ஏழு கோடி டொலர் இழப்பீட்டுடன் முடித்துக்கொள்ளப்பட்டது. பொறுப்பு ஒப்புக்கொள்ளப்படவில்லை. இழப்பீடு பெற்றோருக்கு அது தேவையானதே. ஆனால் திறந்த நீதிமன்றில் சொல்லப்படவிருந்த சாட்சியம் சொல்லப்படாமலே போயிற்று. நீதிமன்றத்தில் அடைபட்ட வாயில் இலக்கியத்தில் எவ்வாறு திறந்தது என்பதே நாம் காணவேண்டுவது.

3

பூச்சானி தம் நூலைக் கைத்தொலைபேசியிலேயே எழுதினார். பாரசீக மொழியில் தட்டச்சு செய்த பகுதிகளை வட்ஸ்அப் வழியே அனுப்பினார். சிட்னியிலிருந்த மூனெஸ் மன்சூபி அவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்தினார். தத்துவ ஆய்வாளரான ஓமித் தோஃபீகியான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஓர் இயல் முழுவதும் பந்திப்பிரிப்பில்லாத ஒரே நெடுஞ்செய்தியாக வந்துசேர்வதுண்டு என மொழிபெயர்ப்பாளர் குறிப்பிட்டுள்ளார். தொலைபேசி பறிக்கப்படும் அபாயம் எப்பொழுதும் இருந்தது. பறிமுதல் செய்யக்கூடிய தாளில் எழுதி வைப்பதைவிட, எழுதிய கணமே சிறைக்கு வெளியே போய்விடும் இம்முறை பாதுகாப்பானது. இங்கே தொழில்நுட்பம் எழுத்தின் வடிவத்தையும் நிர்ணயித்தது எனலாம். துண்டு துண்டான காட்சிகள், இடையிடையே செய்யுளாக உடையும் உரைநடை, மீண்டும் மீண்டும் வரும் தொடர்கள் ஆகிய பண்புகளை இவ்வுற்பத்தி முறையினின்றும் பிரித்து விளங்கிக்கொள்ளல் இயலாது.

உதவியாளரின் பங்கு இங்கு கூர்ந்து நோக்கற்பாலது. பாரசீக வாக்கியத்தின் நீண்ட அமைப்பை ஆங்கிலத்தில் அப்படியே கொணரமுடியாத இடங்களில் அதனைச் செய்யுளடிகளாக உடைப்பது மொழிபெயர்ப்பாளர் தெரிந்தெடுத்த உத்தி. 'ஆளும் அமைப்பு' எனத்தக்க பாரசீகத் தொடர் ஒன்றிற்கு, பெண்ணிய இறையியலாளரான எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்ஸாவின் கலைச்சொல்லொன்றை அவர் பயன்படுத்தினார். பல ஒடுக்குமுறைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஆதிக்கத்தைக் குறிக்கும் சொல் அது. இவை சிறு தலையீடுகளல்ல. ஆயினும் இவை மறைக்கப்படவில்லை. நூலின் முன்னும் பின்னும் மொழிபெயர்ப்பாளர் எழுதிய கட்டுரைகளில் யார் எதனைச் செய்தார், எத்தகைய உரையாடலின் பின் செய்தார் என்பன விளக்கப்பட்டுள்ளன. உதவியே இல்லாத 'தூய' அகதிக்குரல் என ஒன்று இல்லை. கேட்பவர், மொழிபெயர்ப்பவர், பதிப்பிப்பவர் என எவரேனும் இடைநிற்கத்தான் செய்வர். தம் கையை ஒளித்துவைக்கும் இடையாளுக்கும், அதனை வாசகன் காண வெளியில் வைக்கும் இடையாளுக்கும் உள்ள வேறுபாடே முக்கியமானது. முன்னவரின் நூலில் அகதி மூலப்பொருள். பின்னவரின் நூலில் அவரே ஆக்கியோன்.

4

இவ்வுறவுமாற்றம் நூலின் உள்ளடக்கத்தில் எவ்வாறு வெளிப்படுகின்றது? முதலாவதாக, பெயரிடும் அதிகாரம் கைமாறுகின்றது. அரசின் ஏடுகளில் அவ்விடம் 'பிராந்தியப் பரிசீலனை நிலையம்'. பூச்சானி அதனைச் சிறை என்றே அழைக்கின்றார். அரசு கைதிகளுக்கு எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடுகளை இட்டது, பூச்சானிக்குரியது எம்.ஈ.ஜி. 45. நூலிலோ மாந்தர் பட்டப்பெயர்களால் அறியப்படுகின்றனர். ஒருவர் 'பிரதம மந்திரி', ஒருவர் 'பசு', இன்னொருவர் 'மென்மையான இராட்சதர்'. பலரது இயல்புகளை ஒருவரில் இணைத்துப் படைக்கப்பட்ட பாத்திரங்களும் உண்டு. உண்மைப் பெயரை வெளியிடின் உள்ளே இருப்போருக்கும் ஊரில் இருப்போருக்கும் ஆபத்து நேரும் என்ற நடைமுறைத் தேவை இதற்குக் காரணம். அத்தேவையே கலையுத்தியாக வளர்ச்சியடைந்துள்ளது. செய்தியாளர் 'உண்மைப் பெயரும் முகமும்' வேண்டுகையில், புனைவு பெயரை மறைத்து மனிதரைக் காட்டுகின்றது.

இரண்டாவதாக, முறையீடு பகுப்பாய்வாக மாறுகின்றது. உணவுக்கும் தொலைபேசிக்கும் சிகரெட்டுக்கும் நிற்கவேண்டிய வரிசையைப் பூச்சானி வருணிக்கும் பகுதிகள் நூலின் உச்சங்களாம். பசியைச் சொல்லி இரக்கம் வேண்டுவது அவரது நோக்கமன்று. வரிசை என்பது கைதியைக் கைதிக்குப் பகையாக்கும் பொறி என்பதையும், விதிகள் காரணமின்றி நாளுக்குநாள் மாறுவது நிர்வாகக் குறைபாடன்றி நிர்வாக முறையே என்பதையும் அவர் படிப்படியாக நிறுவுகின்றார். முந்துபவன் வயிறார உண்கின்றான். பண்புடன் ஒதுங்குபவன் பட்டினி கிடக்கின்றான். இவ்வாறு ஒழுக்கத்தையே உருக்குலைக்கும் அமைப்பின் தருக்கத்தை வெளியிலிருந்து வரும் எந்த நிருபரும் எழுதியிருத்தல் அரிது. துன்புறுவோன் தன் துன்பத்தின் கோட்பாட்டாளனாகவும் நிற்கும் இந்நிலையே நூலின் வரலாற்று முக்கியத்துவம் எனலாம்.

2014 பெப்ரவரியில் முகாமில் நிகழ்ந்த வன்முறையில் ரேஸா பராத்தி என்னும் குர்திய இளைஞர் கொல்லப்பட்டார். நூல் அக்கொலையுடன் முடிவடைகின்றது. மீட்சியில் முடியும் பயணக்கதையையே சந்தை விரும்புகின்றது; பூச்சானி அவ்வாறு முடிக்க மறுத்துள்ளார்.

5

இந்நூலை வியந்துரைப்பதோடு விமர்சனம் நின்றுவிடலாகாது. அதன் எல்லைகளையும் சுட்டவேண்டும். சிறையின் ஆதிக்கத்தை நுணுக்கமாகக் காணும் பூச்சானி, அச்சிறை தனியார் நிறுவனங்களின் ஒப்பந்தத் தொழிலாக இயங்கியமையை விரிவாக ஆராயவில்லை. உள்ளூர்க் காவலர் குறைந்த கூலியுடன் அவுஸ்திரேலிய அலுவலருக்குக் கீழ்ப்பட்டு நின்றதை அவர் காட்டுகின்றார். எனினும் மானுஸ் மக்கள் நூலில் பெரும்பாலும் ஓரத்திலேயே நிற்கின்றனர். அகதிகளும் தீவு மக்களும் ஒரே அதிகாரத்தினால் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர் என்ற உண்மை, ஆராஷ் கமாலி சர்வெஸ்தானியுடன் இணைந்து அவர் இயக்கி 2017இல் வெளிவந்த 'சௌக்கா, நேரத்தைச் சொல்' என்னும் பொருள்படும் திரைப்படத்திலேயே துலக்கம் பெறுகின்றது. சௌக்கா என்பது மானுஸ் மக்கள் தம் அடையாளமாகப் போற்றும் பறவை. முகாமினுள் தனிமைச் சிறைக்கும் அப்பெயரே இடப்பட்டிருந்தது. தீவு மக்கள் அப்பறவையைப் பற்றித் தம் வாயாற் பேசும் காட்சிகள், திருடப்பட்ட சொல்லை உரியவரிடம் மீட்டளிக்கின்றன. கைத்தொலைபேசியால் இரகசியமாகப் படமாக்கப்பட்டமையால் காட்சிகள் தெளிவு குன்றியவை. ஆயின் நோக்கு நூலினும் அகலமானது.

இன்னோர் எல்லை நூலுக்கு வெளியே, அதன் வரவேற்பில் உள்ளது. 2019 ஜனவரியில் பூச்சானிக்கு விக்டோரியா இலக்கியப் பரிசு வழங்கப்பட்டது. அதன் தொகை ஒரு லட்சம் டொலர். அவுஸ்திரேலியக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவுடையோருக்கும் உரிய அப்பரிசு, விதியைத் தளர்த்தி அவருக்கு அளிக்கப்பட்டது. பரிசுபெற்றவர் விழாவிற்கு வர அனுமதியில்லை, மொழிபெயர்ப்பாளரே மேடையேறினார். முன்னுரை எழுதிய புகழ்பெற்ற நாவலாசிரியர் றிச்சர்ட் ஃபிளனகன், பூச்சானியை ஓர் அவுஸ்திரேலிய எழுத்தாளராகவே வரவேற்றார். அரசின் முகத்தில் அறைந்த செயலென இதனைப் பாராட்டலாம். ஆனால் நாட்டிற்குள் விடப்படாதவரை இலக்கியம் தன் நாட்டவராக்கிக்கொண்டு மனச்சாட்சியை ஆற்றிக்கொள்ளும் வசதியும் இதில் உண்டு. பூச்சானி 2019 நவம்பரில் நியூசிலாந்து சென்று, 2020இல் அங்கு அகதித் தகைமை பெற்றார். அவர் புறப்பட்டபோது பப்புவா நியூகினியில் எஞ்சியிருந்தோர் பலர். எழுதத் தெரிந்த ஒருவரைத் தனிப்பெரும் வீரராக்கி, எழுதாத நூற்றுக்கணக்கானோரை அவரது நிழலில் மறையச்செய்வது முதலாளித்துவப் பதிப்புலகின் இயல்பு. அது பூச்சானியின் பிழையன்று. ஆனால் அதனை மீறும் வழியை உதவ விரும்புவோர் தேடியாகவேண்டும்.

அவ்வழிக்கு ஓர் எடுத்துக்காட்டு அதே தீவிலிருந்து கிடைக்கின்றது. சூடானியரான அப்துல் அஸீஸ் முஹமத், மெல்பேணிலிருந்த பத்திரிகையாளர் மைக்கேல் கிறீனுக்கு ஆயிரக்கணக்கான குரற்செய்திகளை அனுப்பினார். அவற்றைக் கொண்டு 2017இல் ஒலித்தொடர் ஒன்று உருவாயிற்று. இங்கு நூலாசிரியருக்குரிய பயிற்சியோ தனிமையோ வேண்டியதில்லை, பேச்சே போதுமானது. கேட்பவரின் தயக்கமும் அறியாமையும் ஒலிப்பதிவிற் சேர்ந்தே கேட்கின்றன. மின்வெட்டு, இணைப்பு அறுதல், பதில் வராத நாள்கள் ஆகியனவும் கதையின் உறுப்புகளாகின்றன. அஸீஸ் ஒருமுறை செவ்வியளித்து மறைபவராக இல்லை. மாதக்கணக்கில் தொடரும் உறவில் தாமும் வினாவெழுப்புகின்றார். தெரிவும் தொகுப்பும் இறுதியில் மெல்பேணிலேயே நடந்தன என்பது உண்மை. எனினும் ஒருமுறைச் செவ்விக்கும் நீடித்த உரையாடலுக்குமிடையே உள்ளது அளவு வேறுபாடன்று, பண்பு வேறுபாடு.

6

ஈழத்தமிழர் இவ்விவாதத்திற்குப் புறத்தே நிற்பவரல்லர். மானுஸிலும் நவுறுவிலும் அடைக்கப்பட்டோருள் எம்மவரும் இருந்தனர். அதற்கு வெகுமுன்னரே, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஐரோப்பாவிற் புகலிடம் தேடிய தமிழர், ஜேர்மனியில் 'தூண்டில்', நோர்வேயில் 'சுவடுகள்', சுவிற்சர்லாந்தில் 'மனிதம்', பிரான்சில் 'எக்ஸில்' எனத் தமக்கெனச் சிற்றேடுகளை நடத்தினர். உணவகங்களிலும் துப்புரவுப் பணியிலும் உழைத்தோர் தம் ஊதியத்தில் அச்சிட்டவை இவற்றுட் பல. எவரும் அவர்களுக்குக் குரல் கொடுக்கவில்லை. உற்பத்திச் சாதனத்தை அவர்கள் தாமே கைக்கொண்டனர். தம் இனத்தின் ஆயுத இயக்கங்களையும் ஆணாதிக்கத்தையும் சாதியையும் விமர்சிக்கும் துணிவு அங்கு வெளிப்பட்டமைக்கு இச்சுயாதீனமே அடிப்படை. அகதி விண்ணப்பக் கடிதத்தையே புனைகதையின் உறுப்பாக்கிய ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) இம்மரபின் விளைச்சல். விசாரணை அலுவலர் கோரிய வடிவத்தை எடுத்து, அவர் கேளாத கதையை அதனுள் இட்டு நிரப்பிய நாவல் அது.

ஆயினும் இச்சிற்றேடுகள் புகலிட நாட்டின் பொதுவாசகரைச் சென்றடையவில்லை. சொந்த மொழியில் சொந்த அச்சு. ஆனால் சுவரைத் தாண்டாத குரல். பூச்சானியின் நூல் சுவரைத் தாண்டியது. ஆனால் பிறர் கையும் பெரும் பதிப்பகமும் பரிசும் இன்றித் தாண்டவில்லை. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவது இயங்கியல் நோக்காகாது. சுயாதீனமும் பரவலும் முரண்படும் இந்நிலையே இன்றைய அகதி எழுத்தின் அடிப்படை முரண்பாடு. அதனைத் தீர்ப்பதற்கு உதவுவதே உண்மையான உதவி.

அவ்வுதவியை அளக்கும் அளவைகளை மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்தே வருவிக்கலாம். சொல்பவர் தம் மொழியிற் சொல்கின்றாரா? அச்சேறுமுன் அதனைக் காணவும் திருத்தவும் மீளப்பெறவும் அவருக்கு உரிமையுண்டா? பெயரை மறைக்கவும் சிலவற்றைச் சொல்லாதிருக்கவும் இயலுமா? இடையாள் செய்த மாற்றங்கள் வாசகருக்கு அறிவிக்கப்படுகின்றனவா? எழுத்துக்கு ஊதியம் எழுதியவரைச் சேருகின்றதா? எல்லாவற்றினும் மேலாக, துன்பத்தைப் பற்றி மட்டுமன்றி அதன் காரணத்தைப் பற்றியும் அவரது கருத்துக் கேட்கப்படுகின்றதா? இவ்வினாக்களுக்கு இல்லையென விடைவரின், எத்துணை கண்ணீரைப் பெருக்கினும் அப்படைப்பு விசாரணை ஏட்டின் வேறொரு படியே.

இது தொலைதூரத் தீவுகளின் பிரச்சினை மட்டுமன்று. இலங்கை 1951ஆம் ஆண்டுச் சமவாயத்தில் இணையாத நாடு. ஆயினும் இங்கும் அகதிகள் வருகின்றனர். 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களின் பின், நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்த பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் வெளியேற்றப்பட்டுப் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலைய வளாகத்திலும் தஞ்சமடைந்தனர். 2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோகிங்கியருடன் ஒரு படகு முள்ளிவாய்க்காற் கரையை அடைந்தது. தாமே இடம்பெயர்ந்து இழந்த மண்ணில் வாழும் கரையோர மக்கள் அவர்களுக்கு உணவளித்தனர். பின்னர் அவர்கள் கேப்பாப்புலவு விமானப்படைத் தளத்திற் தடுத்துவைக்கப்பட்டனர்.

அகதியாக இருந்து தம் கதையைத் தாமே சொல்லப் போராடிய சமூகம், இன்று அகதியை வரவேற்கும் கரையிலும் நிற்கின்றது. ரோகிங்கிய மொழியறிந்த ஒருவரைத் தேடி அழைத்துச் செல்வதும், அவர்கள் சொல்ல விரும்புவதை விரும்பியவாறு சொல்லும்வரை பொறுத்திருப்பதும், அச்சிடுமுன் அவர்களுக்கே படித்துக்காட்டுவதும் எமது பத்திரிகைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இயலாதவையல்ல. எம்மவர் கதையை மற்றவர் திரித்தனர் என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லி வந்துள்ளோம். அம்முறைப்பாட்டின் நேர்மை, முள்ளிவாய்க்காற் கரையேறியோரிடம் நாம் எதனைக் கேட்கின்றோம், எவ்வாறு கேட்கின்றோம் என்பதிலேயே இனிச் சோதிக்கப்படும்.